நகராத சைக்கிளும் அதன் விலையும்

உடற்பயிற்சிக்கென்றே செய்யப்பட்ட சைக்கிள் ஒன்று உண்டு. அதற்குச் சக்கரம் இருக்கும். ஆனால் அது தரையைத் தொடாது. கைப்பிடி இருக்கும், அதைத் திருப்ப வேண்டிய தேவை வராது. ஒரு மணி நேரம் மிதித்தாலும் புறப்பட்ட இடத்திலேயே இறங்கலாம். இத்தகைய சைக்கிள்கள் இன்று சில ஆயிரம் ரூபாய் முதல் லட்சத்தைத் தாண்டிய விலை வரை கடைகளில் கிடைக்கின்றன.

குடும்பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்றோ இரத்த அழுத்தம் என்றோ தெரிந்துவிட்டால், மருத்துவர் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார். அடுத்த வாரமே வீட்டில் இந்தச் சைக்கிளைப் பற்றிய பேச்சு எழுகிறது. பணம் சேமிப்பிலிருந்து போக வேண்டும்; அல்லது மாதத் தவணையாகப் போக வேண்டும். விலை கூடினால் பலனும் கூடுமா? மலிவானதை வாங்கினால் உடலுக்குக் கிடைப்பது குறைந்துவிடுமா? அல்லது எதையும் வாங்காமலே இருந்துவிடலாமா?

இக்கேள்விகளுக்கு விற்பவர் ஒரு விடை சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் வேறொரு விடை சொல்வார். இந்தக் கருவி எதற்காகப் பிறந்தது, யார் யார் கையில் எப்படி மாறியது என்று பார்த்தால், நமக்கு நாமே விடை காண முடியும். அதன் வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

சைக்கிளுக்கு முந்திய சைக்கிள்

1796ஆம் ஆண்டில் லண்டன் நகரில் பிரான்சிஸ் லவுண்ட்ஸ் என்பவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் மின்சாரத்தைக் கொண்டு நோய்களுக்குச் சிகிச்சை செய்து வந்தவர். தம் கருவிக்கு அவர் இட்ட பெயர் ஜிம்னாஸ்டிகான். ஒரு மரச்சட்டம், அதன் அடியில் கால்களால் மிதிக்கும் மிதிகட்டைகள், மேலே கைகளால் சுற்றும் பிடிகள், இரண்டையும் இணைக்கும் சுழல் சக்கரங்கள். கால்கள் உழைத்தால் கைகள் தாமே சுற்றும். கைகள் உழைத்தால் கால்கள் தாமே அசையும். கீல்வாதம், பக்கவாதம், உடல் தளர்ச்சி ஆகியவற்றால் நடமாட முடியாதவர்களுக்கு இது உதவும் என்று அவர் கருதினார்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. அப்போது உலகில் சைக்கிளே இல்லை. ஜெர்மனியில் கார்ல் ஃபான் டிரைஸ் என்பவர், கால்களால் தரையை உந்திச் செல்லும் இருசக்கர வண்டியை ஓட்டிக் காட்டியது 1817ஆம் ஆண்டில்தான். முன்சக்கரத்தில் மிதிகள் பொருத்திய வண்டி பாரிஸ் நகரில் பரவியது 1860களில். ஆகவே, நகரும் சைக்கிளுக்கு முன்பே நகராத சைக்கிள் பிறந்துவிட்டது! வெளியே சென்று நடக்க இயலாதவருக்கு வீட்டுக்குள்ளேயே அசைவு தர வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். இந்த நோக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இறுதியில் இது நமக்குப் பயன்படும்.

தண்டனையாக ஒரு பயிற்சி

ஜிம்னாஸ்டிகான் வந்த கால் நூற்றாண்டுக்குள் இங்கிலாந்தில் மற்றொரு சக்கரம் தோன்றியது. வில்லியம் கியூபிட் என்ற பொறியியலர் 1818இல் சிறைக் கைதிகளுக்கென அதை வடிவமைத்தார். அகன்ற உருளையொன்றின் விளிம்பு நெடுக மரப்படிகள் இருக்கும். கைதிகள் வரிசையாக நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறுவார்கள். ஏற ஏறச் சக்கரம் சுழன்று படி கீழே இறங்கும். ஏறிக்கொண்டே இருப்பார்கள், உயரம் மட்டும் கூடாது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அடி உயரம் ஏறிய உழைப்பை இவ்வாறு செலவிட்டார்கள். சில சிறைகளில் அச்சக்கரம் தானியம் அரைத்தது. சில சிறைகளில் அது எந்த வேலையும் செய்யாமல் காற்றையே அரைத்தது. 1898ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்திற்குப் பின் இத்தண்டனை கைவிடப்பட்டது.

இந்தக் கொடுமையிலிருந்தும் அறிவியலுக்கு ஒரு பாடம் கிடைத்தது. 1850களில் எட்வர்ட் ஸ்மித் என்ற லண்டன் மருத்துவர் சிறைச் சக்கரத்தில் உழைக்கும்போது மூச்சில் வெளிவரும் கார்பன்-டை-ஆக்சைடை அளந்தார். உழைக்கும்போது அது பல மடங்கு கூடியது. தசைகள் உழைப்பதற்குப் புரதமே எரிபொருள் என்று லீபிக் என்ற புகழ்பெற்ற வேதியியலர் அப்போது சொல்லி வந்தார். அது உண்மையானால் சிறுநீரில் யூரியாவும் அதே அளவில் கூட வேண்டும். அவ்வாறு கூடவில்லை என்று ஸ்மித் கண்டார். மனிதன் உழைக்கும்போது உடலுக்குள் என்ன எரிகிறது என்பதை அளந்து அறியலாம் என்ற நம்பிக்கை இத்தகைய சோதனைகளால் வலுப்பெற்றது.

இன்று மக்கள் பணம் கொடுத்து வாங்கும் அதே அசைவு, அன்று தண்டனையாக விதிக்கப்பட்டது. தசைக்கு வேறுபாடு தெரியாது, மனத்துக்குத் தெரியும். மனம் விரும்பாத பயிற்சிக் கருவி வீட்டில் இருந்தாலும் அது சிறைச் சக்கரத்தின் தம்பிதான். பலர் அதில் துணி உலர்த்துவதற்குக் காரணம் இதுவே.

வேலைக்கு ஓர் அளவு

ஒருவர் எவ்வளவு உழைத்தார் என்று எப்படி அளப்பது? வியர்வையைக் கொண்டு சொல்ல முடியாது. புழுக்கமான நாளில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வியர்க்கும்.

இதற்கு வழி காட்டியவர் காஸ்பார் த ப்ரோனி என்ற பிரெஞ்சுப் பொறியியலர். 1821இல் அவர் இயந்திரங்களின் திறனை அளக்க ஓர் எளிய பிரேக்கை அமைத்தார். சுழலும் தண்டின்மேல் மரக்கட்டைகளை இறுக்கி, அவை தண்டோடு சேர்ந்து சுழன்றுவிடாதபடி நீண்ட கோல் ஒன்றின் நுனியில் எடையைத் தொங்கவிட்டார். உராய்வு விசை எவ்வளவு என்பதை எடை சொல்லும். ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதை எண்ணிக்கொள்ளலாம். விசையையும் அது கடந்த தொலைவையும் பெருக்கினால் வேலை. வேலையைக் காலத்தால் வகுத்தால் திறன். கல்லூரி இயற்பியலில் முதலாண்டு மாணவர் போடும் கணக்குத்தான் இது. 1896இல் பாரிஸில் எலிசே பூனி என்பவர் இதே முறையைச் சைக்கிளில் பொருத்தி, மிதிப்பவரின் திறனை அளந்தார். இத்தகைய கருவிக்கு எர்கோமீட்டர் என்று பெயர். தமிழில் வேலைமானி எனலாம்.

அதே காலத்தில் அமெரிக்காவில் அட்வாட்டர் என்ற வேதியியலரும் ரோசா என்ற இயற்பியலரும் சேர்ந்து, ஒரு மனிதனே உள்ளே தங்கக்கூடிய கலோரிமீட்டரை அமைத்தார்கள். அது ஒரு சிற்றறை. உள்ளிருப்பவர் உண்ணும் உணவு, மூச்சுக் காற்று, உடல் வெளியிடும் வெப்பம் ஆகிய அனைத்தும் அளக்கப்பட்டன. உள்ளே ஒரு சைக்கிளையும் வைத்தார்கள். அதன் சக்கரம் சிறிய டைனமோ ஒன்றைச் சுழற்றியது. உணவில் புகுந்த ஆற்றலும், வெப்பமாகவும் வேலையாகவும் வெளிவந்த ஆற்றலும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. ஆற்றல் அழிவின்மை விதி மனித உடலுக்கும் பொருந்தும் என்பதற்கு நகராத சைக்கிள் சாட்சி சொல்லிற்று.

1912: இரண்டு சைக்கிள்கள்

1912ஆம் ஆண்டில் இரண்டு நகராத சைக்கிள்களைக் காண்கிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஒன்று டைட்டானிக் கப்பலில் இருந்தது. அதன் உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் வகுப்புப் பயணிகளுக்காக நகராத சைக்கிள்களை வைத்திருந்தார்கள். மிதித்தால் எதிரேயிருந்த பெரிய வட்ட முகப்பில் முள் நகர்ந்து, எவ்வளவு தொலைவு சென்றதாகக் கொள்ளலாம் என்று காட்டும். கற்பனைத் தொலைவுதான், ஆயினும் மிதிப்பவருக்கு ஊக்கம் தந்தது.

மற்றொன்று பாஸ்டன் நகரில், கார்னகி நிறுவனத்தின் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் இருந்தது. பெனடிக்ட், கேடி என்ற இருவர் அதைப் பற்றிய நூலை அவ்வாண்டில் வெளியிட்டனர். அதில் மிதிகள் ஒரு செப்புத் தகட்டைச் சுழற்றின. தகட்டின் இருபுறமும் மின்காந்தம். காந்தப்புலத்தில் உலோகத் தகடு சுழன்றால் அதனுள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி, சுழற்சியை எதிர்க்கும். இதை 1855இல் ஃபூக்கோ காட்டியிருந்தார். மின்காந்தத்தில் மின்னோட்டத்தைக் கூட்டினால் எதிர்ப்பு கூடும்; குறைத்தால் குறையும். எதுவும் உராயாததால் தேய்மானம் இல்லை. இன்று விலை உயர்ந்த சைக்கிள்களில் 'காந்த எதிர்ப்பு' என்று பெருமையாகச் சொல்லப்படுவது இந்தத் தத்துவமே. அது நூறாண்டுப் பழைமை உடையது.

இந்த ஆய்வகத்தில் நடந்த சோதனைகளிலிருந்து ஓர் எண் கிடைத்தது. மிதிப்பவர் செலவிடும் ஆற்றலில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கே மிதியில் வேலையாக வெளிவருகிறது, எஞ்சியது வெப்பமாகிவிடுகிறது. 1913இல் டென்மார்க் நாட்டின் ஆகஸ்ட் குரோக் இன்னொரு நுட்பமான மின்காந்த வேலைமானியை அமைத்து, உழைப்புத் தொடங்கும்போது மூச்சும் இரத்த ஓட்டமும் எப்படி மாறுகின்றன என்று ஆராய்ந்தார். இவர் 1920இல் நோபெல் பரிசு பெற்றவர்.

டைட்டானிக் சைக்கிள் ஊக்கம் தந்தது. பாஸ்டன் சைக்கிள் அளவு தந்தது. இன்று கடையில் விலை கூடக் கூட நாம் பெறுவதும் இவ்விரண்டுமே. மிதிக்க வேண்டியவர் எப்போதும் நாம்தான்.

இரண்டு கிலோகிராம் எடையும் ஒரு பட்டையும்

மின்காந்த வேலைமானிகள் விலை உயர்ந்தவை. மருத்துவர்களுக்கும் பள்ளிகளுக்கும் அவை எட்டாதவை. 1954இல் ஸ்வீடனில் ஃபான் டோபெல்ன் என்பவர் எளிய வேலைமானி ஒன்றை வெளியிட்டார். சுழல் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு பட்டை. பட்டையை இறுக்கினால் உராய்வு கூடும். எவ்வளவு கூடியது என்பதை ஊசல் போன்ற ஒரு தராசு காட்டும். மின்சாரமே தேவையில்லை. மோனார்க் என்ற ஸ்வீடன் சைக்கிள் நிறுவனம் இவ்வகைக் கருவிகளைச் செய்து உலகெங்கும் அனுப்பியது.

இதன் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரத்தின் விளிம்பு 6 மீட்டர் நகரும்படி அமைத்திருக்கிறார்கள். நிமிடத்திற்கு 50 சுற்று மிதித்தால் விளிம்பு 300 மீட்டர் நகரும். பட்டையின் உராய்வு 2 கிலோகிராம் எடைக்குச் சமம் என்றால் விசை 19.6 நியூட்டன். இரண்டையும் பெருக்கினால் நிமிடத்திற்கு 5,880 ஜூல். இதை 60 விநாடிகளால் வகுத்தால் 98 வாட். அதாவது பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரியத் தேவையான திறன்.

இவ்வாறு அரைமணி நேரம் மிதித்தால் மிதியில் செய்த வேலை ஏறத்தாழ 42 கிலோகலோரி. உடல் செலவிட்டது அதைப் போல் நான்கைந்து மடங்கு. அதாவது 200 கிலோகலோரியை ஒட்டியது. மூன்று நான்கு இட்டிலி தரும் ஆற்றல்தான் இது. மின்சாரக் கணக்கில் மிதியின் வேலை ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு. எடை குறைப்பதற்குச் சைக்கிள் மட்டும் போதும் என்று எண்ணுவோர் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும். சைக்கிளின் பெரும்பயன் இதயத்துக்கும் இரத்த ஓட்டத்துக்கும் தசைகளுக்கும் கிடைக்கிறது.

அதே 1954இல் ஆஸ்ட்ராண்ட், ரைமிங் என்ற இரு ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு கணிப்பு வரைபடத்தை வெளியிட்டனர். குறிப்பிட்ட வாட் அளவில் சில நிமிடங்கள் மிதித்தபோது நாடித்துடிப்பு எவ்வளவு என்று தெரிந்தால் போதும். அவருடைய இதயமும் நுரையீரலும் உச்ச உழைப்பில் எவ்வளவு ஆக்சிஜனைக் கையாள வல்லவை என்று மதிப்பிடலாம். ஒரு பட்டை, ஒரு தராசு, ஒரு கடிகாரம். இவற்றைக் கொண்டே உடல்வலிமை அளக்கப்பட்டது. திரையும் கணிப்பொறியும் அதற்குத் தேவைப்படவில்லை.

மாடி பஸ்ஸின் படிகள்

உடல் உழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதற்குப் புகழ்பெற்ற முதல் சான்று எந்தப் பயிற்சிக் கருவியிலிருந்தும் வரவில்லை. லண்டன் நகரின் மாடி பஸ்ஸிலிருந்து வந்தது. ஜெரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் அந்நகரின் போக்குவரத்துத் தொழிலாளர்களை ஆராய்ந்து, 1953இல் 'லான்செட்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் பயணச்சீட்டுக் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குவார். நாளொன்றுக்குச் சுமார் 600 படிகள். நடத்துநர்களிடையே இதய நோய் ஓட்டுநர்களைவிடக் குறைவாக இருந்தது.

நம் கணக்கை இங்கும் பொருத்திப் பார்க்கலாம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 3 மீட்டர் உயரமுள்ள மாடியை 18 விநாடிகளில் ஏறினால், புவியீர்ப்புக்கு எதிராக அவர் செய்யும் வேலையின் திறன் எவ்வளவு? 60 × 9.8 × 3 ÷ 18. விடை 98 வாட். ஸ்வீடன் சைக்கிளில் கண்ட அதே எண்! இறங்கும்போது உழைப்புக் குறையும் என்பது உண்மை. ஆனால் ஏறும் நேரத்தில் தசைக்கு, தான் ஏறுவது வீட்டுப் படியா லட்ச ரூபாய்க் கருவியா என்று தெரியாது.

இந்த ஆய்வின் அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. 1956இல் அதே குழுவினர் பஸ் ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தனர். வேலையில் சேரும்போதே ஓட்டுநர்களின் இடுப்பளவு நடத்துநர்களைவிடப் பெரிதாக இருந்தது. அப்படியானால் படியேறியதால் இதயம் நலமடைந்ததா, நலமான உடலுடையவர்களே படியேறும் வேலைக்கு வந்தார்களா? இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். தங்கள் முடிவைத் தாங்களே ஐயுற்று ஆராய்ந்த இச்செயல் அறிவியலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. உழைப்பின் நன்மையைப் பிற்கால ஆய்வுகள் பலவும் உறுதி செய்தன.

இதில் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. "இந்தச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லாரும் நலமாக இருக்கிறார்கள்" என்று விளம்பரம் சொல்லலாம். ஏற்கெனவே பயிற்சியில் நாட்டமுள்ளவர்களே அதை வாங்கியிருந்தால் அந்த நலம் கருவியால் வந்ததாகாது. சீருடையின் இடுப்பளவை நினைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கும் விண்வெளிக்கும்

1955 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவரான பால் டட்லி ஒயிட் நடப்பதையும் சைக்கிள் ஓட்டுவதையும் வலியுறுத்தி வந்தவர். இதய நோய் என்றால் நெடுநாள் படுக்கை என்றிருந்த காலம் அது. மக்கள் கவனம் உடற்பயிற்சியின்பால் திரும்பியது. 1960களில் ஷ்வின் போன்ற அமெரிக்கச் சைக்கிள் நிறுவனங்கள் வீட்டுக்கென நகராத சைக்கிள்களையும் விற்றன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீன் டிமிக் என்ற வேதியியலர் மின்னணு முறையில் எதிர்ப்பு தானே கூடிக் குறையும் சைக்கிளை அமைத்தார். மேடு ஏறி இறங்குவது போன்ற உணர்வை அது தந்தது. 1970களின் பிற்பகுதியில் அது உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் சென்றது.

1973இல் நகராத சைக்கிள் விண்வெளிக்கும் போயிற்று. ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் மூன்று குழுவினர் முறையே 28, 59, 84 நாட்கள் தங்கினர். எடையின்மையில் இதயமும் தசையும் தளராதிருக்க அவர்கள் நாள்தோறும் வேலைமானியை மிதித்தனர். முதல் குழு சுமார் அரைமணி, இரண்டாம் குழு ஒரு மணி, மூன்றாம் குழு ஒன்றரை மணி. இதயத்துக்கு அது உதவியது. ஆனால் கால் தசைகளின் வலிமை குறைவதைச் சைக்கிளால் மட்டும் தடுக்க முடியவில்லை. ஆகவே மூன்றாம் குழுவினருக்கு, உடலைத் தரையோடு இழுத்துப் பிடித்தபடி நடந்து பயிலும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது.

இந்தப் பாடம் தரையில் இருக்கும் நமக்கும் உரியது. சைக்கிளில் உடல் எடையை இருக்கை தாங்குகிறது. முழங்கால் வலி உள்ளவருக்கு இது வரம். ஆனால் எலும்பும் தசையும் எடை தாங்கிப் பழக வேண்டும். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியோடு, குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சைக்கிளாலும் இந்த இரண்டாம் பகுதியை முழுமையாக நிறைவேற்ற முடியாது.

திரையும் சந்தாவும்

2012இல் நியூயார்க் நகரில் பெலோட்டன் என்ற நிறுவனம் தோன்றியது. சைக்கிள் பந்தயத்தில் ஒன்றாய்ச் செல்லும் வீரர் கூட்டத்துக்குப் பிரெஞ்சு மொழியில் அந்தப் பெயர். 2014 முதல் அது விற்ற சைக்கிளின் விலை ஏறத்தாழ 2,000 டாலர். சைக்கிளின் முன்னே ஒரு திரை. அதில் பயிற்சியாளர் தோன்றி வகுப்பு நடத்துவார். உடன் மிதிக்கும் பிறருடைய எண்களும் தெரியும். வகுப்புகளுக்கு அப்போது மாதம் 39 டாலர் சந்தா. கணக்குப் போட்டால் நான்கேகால் ஆண்டில் சந்தாவே சைக்கிளின் விலையை எட்டிவிடும்.

2020இல் கொரோனாத் தொற்றுக் காலத்தில் உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டன. அந்தச் சைக்கிளுக்கு மக்கள் காத்துக்கிடந்தனர். கூடங்கள் திறந்தபின் தேவை சரிந்தது. 2022 பிப்ரவரியில் நிறுவனம் சுமார் 2,800 வேலைகளை நீக்குவதாக அறிவித்தது. அதே ஆண்டில் சைக்கிளை வாடகைக்கு விடவும் தொடங்கியது. 2024இல், பிறரிடமிருந்து பழைய சைக்கிளை வாங்கிப் புதிதாகச் சேர்வோருக்கு 95 டாலர் கட்டணம் விதித்தது. கைமாறும் பழைய சைக்கிள்கள் அவ்வளவு இருந்தன என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. கூட்டமாக மிதித்தால் ஊக்கம் பிறக்கிறது; அதனால் நாள் தவறாமல் மிதித்தவர்கள் பலர். டைட்டானிக் கப்பலின் வட்ட முகப்பு செய்த பணியைத் திரை இன்னும் திறமையாகச் செய்கிறது. ஆனால் நாம் காசு கொடுப்பது ஊக்கத்துக்கு என்பதை அறிந்து கொடுக்க வேண்டும். ஊக்கம் வேறு வழியில் கிடைப்பவருக்கு அச்செலவு தேவையில்லை.

வாங்கலாமா?

கடையில் கேட்கும் சில சொற்களை முதலில் ஆராய்வோம்.

"சுழல் சக்கரம் கனமானது, அதனால் பயிற்சி அதிகம்" என்பார்கள். இது பாதி உண்மைகூட இல்லை. கனமான சக்கரத்தை ஓடத் தொடங்கச் செய்யும்போது கூடுதல் ஆற்றல் வேண்டும். ஒரே வேகத்தில் ஓடும்போது அதன் எடையால் உழைப்புக் கூடுவதில்லை. உழைப்பை முடிவு செய்வது பிரேக்கின் எதிர்ப்பு. கனமான சக்கரம் மிதியைச் சீராக, வெட்டு விழாமல் சுழல வைக்கும். அது வசதி, அவ்வளவே.

"எரித்த கலோரியைத் திரையில் காட்டும்" என்பார்கள். உண்மையான கலோரிச் செலவை அறிய அட்வாட்டர் ஒரு மனிதனை அறைக்குள் அடைக்க வேண்டியிருந்தது. குரோக் மூச்சுக் காற்றை அளக்க வேண்டியிருந்தது. திரையில் தெரியும் எண் ஒரு மதிப்பீடு. சுற்றுகளை மட்டும் எண்ணும் மலிவான கருவியில் அது வெறும் ஊகம். வாட் அளவை உண்மையாக அளக்கும் கருவிக்கு விலை அதிகம். பந்தய வீரருக்கும் இதய நோயிலிருந்து மீள்பவருக்குப் பயிற்சி தரும் மருத்துவமனைக்கும் அது தேவை. நமக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. மிதமான உழைப்புக்கு இது போதிய அளவு.

"காந்த எதிர்ப்பு" என்பதற்குக் கூடுதல் விலை தருவதில் பொருள் உண்டு. ஓசை குறைவு, தேய்மானம் இல்லை. அடுக்குமாடி வீட்டில் அதிகாலையில் மிதிப்பவருக்கு இது தேவைதான். அசையாத உறுதியான சட்டமும், உயரத்துக்கேற்ப மாற்றக்கூடிய இருக்கையும் முழங்காலைக் காக்கும். இவற்றுக்குத் தரும் பணம் வீணாகாது.

இனி விலைக் கணக்கு. ஒரு சைக்கிளின் விலை 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து ஆண்டுகள் மிதித்தால் 1,300 முறை. ஒரு முறைக்கு 46 ரூபாய். முப்பது முறை மிதித்து ஓரமாக வைத்துவிட்டால் ஒரு முறைக்கு 2,000 ரூபாய். சீட்டில் எழுதியிருக்கும் விலை கடையின் விலை. உண்மையான விலையை நிர்ணயிப்பவர் வாங்கியவரே.

ஆகவே பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு மாதம், நாள்தோறும் ஒரே நேரத்தில், அரைமணி வேகமாக நடக்க வேண்டும்; இயன்றவர் படியேறலாம். இதய நோய் உள்ளவரும், நெஞ்சில் வலி, மயக்கம் முதலியன கண்டவரும் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும். அறுபது நாளில் ஐம்பது நாளாவது தவறாமல் நடந்துவிட்டால், பழக்கம் ஊன்றிவிட்டது. அவருக்குச் சைக்கிள் தேவையா என்பதே ஐயம். நடக்க மனமிருந்தும் மழை, வேலை நேரம், தெருவின் நிலை ஆகியவற்றால் தடைப்பட்டவர் வாங்கினால் பயனுண்டு. மனமே தடையாக இருந்தவருக்கு, சைக்கிள் வந்தாலும் அந்தத் தடை வீட்டை விட்டுப் போகாது. நண்பரின் சைக்கிளை ஒரு மாதம் இரவல் வாங்கியோ, பழையதொன்றை மலிவாக வாங்கியோ அவர் முதலில் பழகிப் பார்க்கலாம்.

இங்கே லவுண்ட்ஸின் நோக்கத்துக்குத் திரும்புவோம். வெளியே செல்ல இயலாதவருக்காகப் பிறந்த கருவி இது. விழுந்துவிடுவோமோ என்று அஞ்சும் முதியவர், மூட்டு வலியால் நடக்க முடியாதவர், நோயாளியையோ கைக்குழந்தையையோ விட்டு அகல முடியாதவர், இருட்டு விலகுமுன் தெருவில் தனியே நடக்கத் தயங்கும் பெண்கள். இவர்கள் வீட்டில் ஓர் எளிய, உறுதியான சைக்கிள் இருந்தால் அது ஆடம்பரமாகாது. ஆனால் நம் வீடுகளில் பல நேரம் சைக்கிள் ஒருவருக்காக வாங்கப்படுகிறது. அது மிகத் தேவைப்படும் இன்னொருவர் சமையலறையிலேயே இருந்துவிடுகிறார். வாங்குகிற குடும்பம், யாருக்கு இது, எந்த அரைமணி நேரம் அவருடையது என்பதையும் சேர்த்து முடிவு செய்ய வேண்டும். அந்த அரைமணி நேரத்தை எந்தக் கடையும் விற்பதில்லை.